41 ஆண்டுகள் காத்திருந்த கூடைப்பந்து டீச்சர்

1932-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கிளீவ்லாந்து என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் திடீரென்று ஓர் அறிவிப்பு வந்தது. இனிமேல் கல்லூரியில் பெண்கள் கூடைப்பந்து அணி கிடையாது!

ஏன்? அணி தோற்றுக்கொண்டே இருந்ததா? இல்லை. நன்றாக ஜெயித்துக்கொண்டிருந்த அணிதான். கூடைப்பந்து ரொம்பக் கடுமையான விளையாட்டு, இளம் பெண்களின் உடம்பு அதைத் தாங்காது என்று கல்லூரி காரணம் சொன்னது.

மாணவிகள் அழுதார்கள். மூன்று ஆண்டுகளாக ஓடி, குதித்து, விழுந்து, எழுந்து விளையாடிய அவர்களுக்குத் தங்கள் உடம்பு தாங்கும் என்பது நன்றாகவே தெரியும். ஆனால் அதை யார் கேட்டார்கள்? வேறு என்ன செய்வது என்று தெரியாமல், தங்கள் சீருடைகளைத் தீ வைத்து எரித்துவிட்டார்கள்.

அந்த அணியின் கேப்டனுக்கு அப்போது வயது 19. பெயர் மார்கரெட் வேட். கல்லூரியில் அவருக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி இருந்தது. அந்த ஒரு வருடமும் அவர் பந்தைத் தொடாமலேயே படித்து முடித்தார்.

இதே கல்லூரி பிற்பாடு அவரையே கூப்பிட்டு, பெண்கள் அணியை மறுபடி நீங்கள்தான் தொடங்க வேண்டும் என்று கேட்டது. எப்போது தெரியுமா? 1973-இல்! அப்போது மார்கரெட்டுக்கு 60 வயது.

ஏணி வைத்து எடுத்த பந்து

மார்கரெட்டின் கதைக்குள் போவதற்கு முன்னால், கூடைப்பந்து எப்படிப் பிறந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். அப்போதுதான் அந்தக் கல்லூரி ஏன் அப்படிச் செய்தது என்பது புரியும்.

1891 டிசம்பர். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் வெளியே ஒரே குளிர். உள்ளே அடைபட்டுக் கிடந்த மாணவர்களுக்கு விளையாட ஏதாவது வேண்டுமே என்று ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் யோசித்தார். பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகளை எடுத்து, 10 அடி உயரத்தில் எதிரும் புதிருமாக மாட்டினார். 13 விதிகளை எழுதினார். விளையாட்டு தயார்!

கூடைக்கு அடிப்பாகம் இருந்ததால், பந்து உள்ளே விழுந்தால் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். யாராவது ஏணியில் ஏறிப்போய் எடுத்துத் தர வேண்டும். கூடை போய் வளையமும் வலையும் வந்துவிட்டாலும் அந்தப் பத்தடி உயரம் மட்டும் இன்றுவரை மாறவில்லை.

ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பக்கத்து ஊர் நார்த்தாம்ப்டன். அங்கே ஸ்மித் கல்லூரி என்ற பெண்கள் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர் செண்டா பெரன்சன். சின்ன வயதில் நோஞ்சானாக இருந்து, உடற்பயிற்சியாலேயே தேறியவர். இந்தப் புது விளையாட்டைப் பற்றிப் படித்ததும் 1892-இலேயே தன் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1893 மார்ச் மாதம் முதலாமாண்டு மாணவிகளும் இரண்டாமாண்டு மாணவிகளும் மோதினார்கள். ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. பந்தை மேலே தூக்கிப் போட்ட அந்த நொடியிலேயே ஒரு மாணவியின் தோள் மூட்டு நழுவிவிட்டது! அவருக்குச் சிகிச்சை செய்துவிட்டு மற்றவர்கள் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். இரண்டாமாண்டு அணி 5-4 என்ற கணக்கில் ஜெயித்தது.

மாணவிகளுக்கு இந்த ஆட்டம் அவ்வளவு பிடித்துப்போனது. ஆனால் பெரியவர்களுக்குப் பயம். பெண்கள் இப்படி ஓடினால் மயக்கம் வரும், இதயம் கெட்டுப்போகும் என்று டாக்டர்களே நம்பிய காலம் அது. அதனால் செண்டா பெரன்சன் விதிகளை மாற்றினார். ஆடுகளத்தைக் கோடு போட்டு மூன்று பகுதிகளாகப் பிரித்தார். ஒரு பகுதியில் இருப்பவர் கோட்டைத் தாண்டி அடுத்த பகுதிக்குப் போகக் கூடாது. பந்தைப் பிடுங்கக் கூடாது. மூன்று நொடிகளுக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது. மூன்று முறைக்கு மேல் தரையில் தட்டக் கூடாது.

இந்தக் காலத்தில் கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் செண்டாவைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கோடுகளைப் போட்டதால்தான் பெண்கள் அந்த ஆட்டத்தை ஆடவே விட்டார்கள்.

1920-களில் வேறொரு பிரச்னை வந்தது. 1923-இல் பெண்களின் விளையாட்டுக்காக ஒரு தேசிய அமைப்பு தொடங்கப்பட்டது. அதற்குத் தலைவர் லூ ஹென்றி ஹூவர். பிற்பாடு இவருடைய கணவர் ஹெர்பர்ட் ஹூவர் அமெரிக்க ஜனாதிபதி ஆனார். எல்லாப் பெண்களும் விளையாட வேண்டும் என்று அந்த அமைப்பு சொன்னது. நல்ல விஷயம்தானே? ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னது. பெண்கள் ஒரு கல்லூரிக்கும் இன்னொரு கல்லூரிக்கும் போட்டி, கோப்பை, டிக்கெட் விற்று ஆட்டம் என்றெல்லாம் போகக் கூடாது. தங்களுக்குள்ளேயே சந்தோஷத்துக்காக ஆடினால் போதும்.

இதைக் கேட்டுப் பல கல்லூரிகள் பெண்கள் அணிகளைக் கலைத்துவிட்டன. பெண்களுக்கு நல்லது செய்ய நினைத்த பெண்களே இதை ஆதரித்ததுதான் வேடிக்கை. மார்கரெட்டின் அணி கலைக்கப்பட்டதும் இந்தக் காலத்தில்தான்.

பருத்திக் காட்டு ஊர்

மார்கரெட் வேட் பிறந்தது 1912 டிசம்பர் 30. ஊர் பெயர் மெக்கூல். இதுவும் மிசிசிப்பி மாநிலம்தான். பள்ளிப் படிப்பை முடித்தது கிளீவ்லாந்தில். பள்ளி அணியிலேயே அவர் நட்சத்திர வீராங்கனை.

கிளீவ்லாந்து என்றதும் ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் பெரிய நகரத்தை நினைத்துவிடாதீர்கள். இது வேறு. மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய தட்டையான வண்டல் நிலப் பகுதியில் இருக்கும் சின்ன ஊர். அந்தப் பகுதிக்கு டெல்டா என்றே பெயர். டெல்டா என்றால் ஆறு கடலில் கலக்கும் இடம் என்றுதானே படித்திருப்பீர்கள்? இந்த டெல்டாவிலிருந்து கடல் ரொம்ப தூரம்! ஆற்று வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய வண்டல் என்பதால் அப்படி ஒரு பெயர் வந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் பருத்திக் காடுகள்தான்.

இங்கே 1925-இல் டெல்டா ஸ்டேட் ஆசிரியர் கல்லூரி திறக்கப்பட்டது. மார்கரெட் 1929-இல் அங்கே சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் கல்லூரி அணிக்காக ஆடினார். கேப்டனும் ஆனார். அப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே!

1933-இல் பட்டம் வாங்கியதும் மார்கரெட் சும்மா இருக்கவில்லை. கல்லூரிக்கு வெளியே இருந்த ஒரு பெண்கள் அணியில் சேர்ந்து ஆடினார். அங்கும் அவர்தான் கேப்டன். ஆனால் முழங்காலில் அடிபட்டதால் அதையும் விட வேண்டியதாயிற்று.

இனி ஆட முடியாது. ஆனால் சொல்லிக்கொடுக்கலாம் அல்லவா?

மார்கரெட் பள்ளிக்கூடப் பயிற்சியாளர் ஆனார். விரைவிலேயே தான் படித்த கிளீவ்லாந்து பள்ளிக்கே வந்து சேர்ந்தார். 1950-கள் வரை அங்கே மாணவிகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தார். கல்லூரிகள் பெண்கள் அணியைக் கலைத்தாலும், மிசிசிப்பி கிராமப்புறப் பள்ளிகளில் சிறுமிகள் ஆடுவது நிற்கவே இல்லை. ஊர் ஜனங்கள் வந்து கைதட்டிப் பார்ப்பார்கள். பள்ளிப் பயிற்சியாளராக மார்கரெட்டின் கணக்கு இதுதான்: 453 வெற்றி, 89 தோல்வி, 6 சமநிலை.

கூடைப்பந்தில் ஏது சமநிலை என்று கேட்கிறீர்களா? இப்போது கூடுதல் நேரம் கொடுத்து யாராவது ஒருவர் ஜெயிக்கும்வரை ஆட வைக்கிறார்கள். அந்தக் காலத்தில் சில ஆட்டங்களை அப்படியே சமம் என்று முடித்துக்கொள்வார்கள்.

இத்தனை ஜெயித்த மாணவிகளும் பள்ளிப் படிப்பு முடிந்ததும் என்ன ஆனார்கள்? அவ்வளவுதான், ஆட்டமும் முடிந்தது. பக்கத்திலேயே கல்லூரி இருந்தது. அங்கே அணி இல்லை.

1959-இல் டெல்டா ஸ்டேட் கல்லூரி மார்கரெட்டை வேலைக்கு அழைத்தது. எதற்கு? பெண்களுக்கான உடற்கல்வித் துறைத் தலைவராக! யோசித்துப் பாருங்கள். 450-க்கும் மேல் ஆட்டங்களை ஜெயித்த பயிற்சியாளர், தான் கேப்டனாக இருந்த கல்லூரியில், அணியே இல்லாமல் உடற்கல்வி பாடம் நடத்துகிறார். ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, 14 வருடங்கள்! கோபம் வந்திருக்காதா? வந்திருக்கும். ஆனால் அவர் வேலையை விட்டுப் போகவில்லை. நானாக இருந்தால் என்றைக்கோ பெட்டியைக் கட்டியிருப்பேன்.

37 வார்த்தைச் சட்டம்

அதற்குள் வெளியே உலகம் மாறத் தொடங்கியிருந்தது. பெண்களின் உடம்பு ஓட்டத்தைத் தாங்காது என்ற பேச்சை ஒலிம்பிக் வீராங்கனைகள் பொய்யாக்கிக் காட்டிவிட்டார்கள். 1971-இல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கான கூடைப்பந்து விதிகளும் மாறின. கோடுகள் அழிந்தன. ஆண்களைப் போலவே 5 பேர், முழு ஆடுகளமும் ஓடி ஆடலாம். 1972-இல் கல்லூரிப் பெண்களுக்கு தேசிய சாம்பியன் போட்டியும் தொடங்கியது.

அதே 1972 ஜூனில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதற்கு ஒன்பதாம் தலைப்புச் சட்டம் என்று பெயர். அரசிடம் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும், ஆண், பெண் என்று பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். ஆங்கிலத்தில் மொத்தம் 37 வார்த்தைகள்தான். அதில் விளையாட்டு என்ற வார்த்தையே இல்லை! ஆனால் விளையாட்டும் கல்வியின் ஒரு பகுதிதானே? ஆண்களுக்கு அணி இருந்தால் பெண்களுக்கும் வேண்டாமா? கல்லூரிகள் யோசிக்க ஆரம்பித்தன.

1973-இல் டெல்டா ஸ்டேட் கல்லூரித் தலைவர் ஆப்ரி லூகஸ், மார்கரெட்டிடம் அணியைத் தொடங்கித் தருமாறு கேட்டார். பள்ளிப் பயிற்சியாளர் வேலையை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. மார்கரெட் கடைசியாகப் பயிற்சி தந்த ஆட்டத்துக்கும் இந்தப் புது ஆட்டத்துக்கும் நிறைய வித்தியாசம். மற்ற ஆசிரியர்கள் ஓய்வு பெறுவதைப் பற்றிப் பேசும் வயது. மார்கரெட் ஒப்புக்கொண்டார்.

அணிக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? கல்லூரியின் ஆண்கள் அணிக்கு ஸ்டேட்ஸ்மென் என்று பெயர். அரசியல் மேதைகளான ஆண்கள் என்று அர்த்தம். அதனால் பெண்கள் அணிக்கு லேடி ஸ்டேட்ஸ்மென்! பெண்களான ஆண்கள்! யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

போர்வைக்குள் டிவி பார்த்த சிறுமி

அணி வேண்டுமென்றால் வீராங்கனைகள் வேண்டுமே. மார்கரெட்டின் அணிக்குக் கிடைத்த புதையல் லூசியா ஹாரிஸ்.

லூசியா 1955-இல் மின்டர் சிட்டி என்ற ஊரில் பிறந்தவர். டெல்டா பகுதிதான். அம்மா, அப்பாவுக்குச் சொந்த நிலம் இல்லை. அடுத்தவர் நிலத்தில் பருத்தி பயிரிட்டு, விளைச்சலைப் பங்கு பிரித்துக்கொள்ளும் ஏழை விவசாயிகள். மொத்தம் 11 பிள்ளைகள், லூசியா பத்தாவது. சிறுமியாக இருந்தபோது அவரும் பருத்தி பறித்தார்.

இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு, போர்வையைப் போர்த்திக்கொண்டு டிவியில் கூடைப்பந்து பார்ப்பது அவர் வழக்கம். ஆஸ்கர் ராபர்ட்சன் என்ற வீரர் என்றால் உயிர். பள்ளியில் மற்ற பிள்ளைகள் லூசியாவைக் கேலி செய்வார்கள். வளர்த்தி மட்டும்தான் இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்பார்கள். உயரம் 6 அடி 3 அங்குலம் ஆயிற்றே! ஆனால் அந்த உயரத்தை வைத்துக்கொண்டு பள்ளி ஆட்டம் ஒன்றில் 46 புள்ளிகள் எடுத்தார் அவர்.

லூசியா கறுப்பினப் பெண். இதை ஏன் சொல்ல வேண்டும் என்றால், மிசிசிப்பி அப்போது அப்படிப்பட்ட மாநிலம். 1960-களின் பிற்பகுதி வரை டெல்டா ஸ்டேட் கல்லூரியில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவே இல்லை. மார்கரெட் விளையாடிய காலத்தில் லூசியா அந்த வகுப்பறைக்குள்ளேயே நுழைந்திருக்க முடியாது. 1973-இல் மார்கரெட்டின் அணியில் இருந்த ஒரே கறுப்பினப் பெண் லூசியாதான்.

இதற்கு நேர்மாறாக இன்னொருவர் அந்த அணியில் விளையாடினார். பெயர் டெபி பிராக். உயரம் 4 அடி 11 அங்குலம்! லூசியாவுக்கும் அவருக்கும் ஒரு அடிக்கும் மேல் வித்தியாசம். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எப்படி இருந்திருக்கும்! உயரம் இல்லாதவருக்குக் கூடைப்பந்தில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். பந்தை உருட்டிக்கொண்டு போய், எதிரணியை ஏமாற்றி, சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் கொடுப்பது பெரிய வேலை. டெபி அதில் கெட்டிக்காரர்.

மார்கரெட்டின் திட்டம் எளிமையானது. பந்து எப்படியாவது வளையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் லூசியாவிடம் போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து அவர் போட்டால் தவறுவது அபூர்வம். தவறினாலும் துள்ளி வரும் பந்தை மறுபடி பிடித்துக்கொள்வார். எதிரணி இரண்டு, மூன்று பேரை அனுப்பி லூசியாவைச் சுற்றி வளைத்தால்? மற்றவர்களுக்கு இடம் கிடைக்குமே!

முதல் பருவத்தில் 18 ஆட்டங்களில் 16 வெற்றி. சரி, பரவாயில்லை என்றார்கள் ஊரில். இரண்டாவது பருவத்தில் ஒரு தோல்வி கூட இல்லை!

வாளி தட்டிய கன்னியாஸ்திரீகள்

1975 மார்ச். தேசிய சாம்பியன் போட்டி. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்ற அணி சாதாரண அணி அல்ல. பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த இம்மாகுலாட்டா கல்லூரி. கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்னக் கல்லூரிதான். ஆனால் 1972, 1973, 1974 என்று வரிசையாக மூன்று முறை கோப்பையை வாங்கியிருந்தது. இந்தப் போட்டி தொடங்கியதே 1972-இல்தான் என்பதால், இம்மாகுலாட்டாவைத் தவிர வேறு யாரும் அந்தக் கோப்பையைத் தொட்டதே இல்லை!

அந்த அணியின் ரசிகர்கள் ஆட்டத்துக்கு வரும்போது தகர வாளிகளைக் கொண்டுவந்து டம் டம் என்று தட்டுவார்கள். அங்கி போட்ட கன்னியாஸ்திரீகளும் சேர்ந்து ஆரவாரம் செய்வார்கள். காது கிழியும் சத்தம்.

ஆட்டம் முடிந்தபோது டெல்டா ஸ்டேட் 90, இம்மாகுலாட்டா 81. லூசியா மட்டும் 32 புள்ளிகள்! அந்தப் பருவம் முழுவதும் 28 ஆட்டங்கள், 28 வெற்றிகள். கலைக்கப்பட்ட அணி திரும்பி வந்து இரண்டே வருடத்தில் நாட்டின் முதல் அணியாகிவிட்டது. பயிற்சியாளருக்கு வயது 62.

அடுத்த பருவத்திலும் வெற்றி தொடர்ந்தது. 29, 30, 40, 50, 51! தொடர்ச்சியாக 51 ஆட்டங்களில் ஜெயித்த பிறகுதான் ஒரு தோல்வி வந்தது. தோற்கடித்தது யார்? அதே இம்மாகுலாட்டாதான். அந்த வருட இறுதி ஆட்டத்திலும் இவர்கள் இருவரும்தான் மோதினார்கள். இந்த முறை டெல்டா ஸ்டேட் 69-64 என்று ஜெயித்தது. வெறும் 5 புள்ளி வித்தியாசம். 1977-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 68-55 என்று தோற்கடித்து மூன்றாவது முறையாகவும் கோப்பையை வாங்கினார்கள். இம்மாகுலாட்டாவைப் போலவே வரிசையாக மூன்று!

கிளீவ்லாந்தில் கேட்க வேண்டுமா? ஊரே இந்தப் பெண்களுக்குப் பின்னால் நின்றது. கல்லூரி ஆண்கள் அணியின் ஆட்டத்தைவிடப் பெண்கள் ஆட்டத்துக்குத்தான் கூட்டம் அதிகம் வந்தது. நியூயார்க்கில் உள்ள மாடிசன் ஸ்கொயர் கார்டன் என்ற புகழ்பெற்ற அரங்கத்துக்கும் அணி போய் ஆடியது. அங்கே ஒரே ஆட்டத்தில் 47 புள்ளிகள் எடுத்து நியூயார்க்காரர்களை வாய் பிளக்க வைத்தார் லூசியா. நான்கு வருடக் கல்லூரி வாழ்க்கையில் அவர் எடுத்த புள்ளிகள் மொத்தம் 2,981.

1976-இல்தான் ஒலிம்பிக்கில் முதல்முறையாகப் பெண்கள் கூடைப்பந்து சேர்க்கப்பட்டது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் நடந்த அந்தப் போட்டியில், அமெரிக்க அணிக்காக லூசியா ஆடினார். முதல் ஆட்டத்தில் முதல் கூடையைப் போட்டவர் அவர்தான். ஒலிம்பிக் வரலாற்றிலேயே பெண்கள் கூடைப்பந்தின் முதல் புள்ளிகள் அவை! ஜப்பானுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் அமெரிக்கா தோற்றுவிட்டது என்பது வேறு விஷயம். கடைசியில் சோவியத் யூனியனுக்குத் தங்கம், அமெரிக்காவுக்கு வெள்ளி.

இத்தனைக்கும் பிறகு லூசியா எங்கே போய் ஆடுவது? 1977-இல் ஆண்களின் தொழில்முறை அணியான நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ், லூசியாவைத் தன் பட்டியலில் தேர்ந்தெடுத்தது. எல்லோருக்கும் ஆச்சரியம். லூசியா போகவில்லை. அப்போது அவர் அம்மாவாகப் போகிற நேரம். அமெரிக்காவில் இன்றும் நடக்கும் பெண்கள் தொழில்முறைப் போட்டி 1997-இல்தான் தொடங்கியது. மார்கரெட்டுக்குக் கல்லூரியில் ஒரு வருடம் ஆட்டம் பறிபோனது என்றால், லூசியாவுக்குக் கல்லூரி முடிந்த பிறகு ஆட வேண்டிய நல்ல வருடங்கள் பறிபோயின. இரண்டில் எது பெரிய நஷ்டம்? என்னைக் கேட்டால் லூசியாவுடையதுதான்.

பெயரில் ஒரு கோப்பை

1978-இல் அமெரிக்காவில், அந்த ஆண்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீராங்கனைக்குப் பரிசு கொடுக்க முடிவு செய்தார்கள். அந்தப் பரிசுக்கு வேட் கோப்பை என்று பெயர் வைத்தார்கள். பொதுவாக இப்படிப் பெயர் வைப்பது ஓய்வு பெற்றவர்களுக்கோ இறந்துபோனவர்களுக்கோதான். மார்கரெட் அப்போதும் தினமும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்! முதல் கோப்பையை வாங்கியவர் மாண்ட்கிளேர் ஸ்டேட் கல்லூரியின் கேரல் பிளேசஜாவ்ஸ்கி.

1979-இல் மார்கரெட் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகினார். கல்லூரியில் 6 பருவங்களில் 157 வெற்றி, 23 தோல்வி. பள்ளியையும் சேர்த்தால் வெற்றி மட்டும் 610.

நைஸ்மித்தின் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் கூடைப்பந்து ஜாம்பவான்களுக்கான ஒரு மண்டபம் இருக்கிறது. புகழ் மண்டபம் என்பார்கள். அதில் பெயர் இடம்பெறுவது பெரிய கௌரவம். 1985 வரை அதில் ஒரு பெண்ணின் பெயர் கூட இல்லை. அந்த வருடம் மூன்று பெண்களைச் சேர்த்தார்கள். ஒருவர் ஆடுகளத்தில் கோடு போட்டாரே, அந்த செண்டா பெரன்சன். அவர் 1954-இலேயே இறந்துவிட்டார். இன்னொருவர் ஓக்லஹோமா மாநிலத்தின் பள்ளிப் பயிற்சியாளர் பெர்த்தா டீக். மூன்றாமவர் மார்கரெட் வேட். ஏழு ஆண்டுகள் கழித்து, 1992-இல், லூசியாவின் பெயரும் அங்கே ஏறியது. அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். தன் மாணவிக்கு இந்தக் கௌரவம் கிடைத்தபோது மார்கரெட் உயிரோடு இருந்தார்.

1995 பிப்ரவரி 16 அன்று அதே கிளீவ்லாந்து ஊரில் மார்கரெட் வேட் காலமானார். வயது 82. லூசியா 2022 ஜனவரியில் இறந்தார். அவருடைய வாழ்க்கையைப் பற்றிய குறும்படம் ஒன்று அதே ஆண்டு மார்ச்சில் ஆஸ்கர் விருது வாங்கியது.

வேட் கோப்பையை இப்போதும் ஆண்டுதோறும் கொடுக்கிறார்கள். 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் அதை வாங்கியவர் அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க்.